வெறுங்கழுத்து

முதன்முறை பார்க்கிற பெண்கள் பங்கஜத்தின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்த்துவிடுவார்கள். பிறகு கண் நெற்றிக்குப் போகும். அங்கே பொட்டு இருக்கும். கழுத்தில் ஒன்றும் இருக்காது. அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாமல் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். மயிலாப்பூர்க் குழாயடியில் அவளுக்கு இது பழகிப்போயிருந்தது.

"அவளுங்க பாக்கட்டும். மூக்கணாங்கயிறு மாட்டுக்கு, எம்பொண்ணுக்கு இல்ல" என்பார் அப்பா வடிவேலு. டிராம் கண்டக்டர். மனைவி போனபின் ஒற்றைப் பெண்ணை அவரே வளர்த்தார். சீர்திருத்தக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் இருப்பார்.

யுத்தம் முடிந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். லஸ் பக்கம் ஒரு மாடி ஹாலில் முந்நூறு பேர். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, தாலி இல்லை. ஒருவர் ஒருமணி நேரம் பெண்விடுதலை பேசினார். பிறகு சம்பங்கி மாலை மாற்றிக்கொண்டார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு, ஆளுக்கொரு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார் வடிவேலு.

மாப்பிள்ளை இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்தவன். மாம்பலத்தில் சுயம்புலிங்கத்தின் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவன். பங்கஜம் ரவிக்கைத் துணி வாங்கப் போவாள். கேட்ட அளவுக்குமேல் ஒரு விரற்கடை விட்டுக் கிழிப்பான். "சுருங்கும்லா" என்பான், நிமிராமல். மூன்று ரவிக்கைக்குப் பிறகு ஒருநாள் நிமிர்ந்தான். அவ்வளவுதான் அவர்கள் காதல். அவன் ஊரிலிருந்து மட்டும் கல்யாணத்துக்கு ஒருவரும் வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவனுக்குக் கடை மாடியில்தான் தங்கல்; லீவு கிடைக்கிறபோது மயிலாப்பூர் வந்து போவான்.

நாற்பத்தொன்பதில் புதுச் சட்டம் வந்தது. மனைவி இருக்க இன்னொருத்தியைக் கட்டினால் அது செல்லாது, கட்டியவனுக்குச் சிறை. வடிவேலு பேப்பரைக் கூடத்தில் உரக்கப் படித்தார். பக்கத்துப் போர்ஷன் ஜைதூன் பீ தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அரே பங்கஜம், இனிமே உன் ஆளு எங்கியும் தப்பிக்க முடியாது!"

"ஒருத்திக்குத் துணி கிழிச்சுக் குடுக்கவே எனக்குக் கை ஓயுது பாட்டி" என்றான் இசக்கிமுத்து.

"பாட்டியா? உன்னைவிட ரெண்டு பல்லு ஜாஸ்தி கீது எனக்கு."

அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஆவணியில் ஊரிலிருந்து ஆள் வந்தது. அவன் தகப்பனாருக்கு மேலுக்கு முடியவில்லையாம். போனவன் புரட்டாசியில் திரும்பி வந்தான். விரலில் புது மோதிரம். சோறு போட்ட தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அத்தை மகளைக் கட்டி வச்சுட்டாவ, பங்கஜம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னாது?"

"அப்பா சாகக் கெடக்காவ. கட்டலைன்னா கெணத்துல விழுவேன்னு அம்மா நின்னா. நான் என்ன செய்யட்டும்?"

"நான் ஒருத்தி இங்க கீறேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். தாலி கட்டுனியாலேன்னு கேட்டாவ. பேசாம நின்னேன்."

வடிவேலு அப்போது கலங்கவில்லை. சட்டம் இருக்கிறதே. மறுநாளே மகளை அழைத்துக்கொண்டு வடக்கு மாட வீதி வக்கீலிடம் போனார்.

வக்கீல் நல்ல மனிதர், முழுவதும் கேட்டார். "ஹோமம் வளர்த்தேளா?"

"இல்லீங்க."

"சப்தபதி? தாலியாவது?"

"வேணாம்னு வச்சோமுங்க. முந்நூறு பேரு பாத்தாங்க."

"என்னத்தைப் பார்த்தா? மாலை போட்டதை. கலெக்டருக்குந்தான் மாலை போடறா." அப்படிச் சொன்னதற்கு அவரே வருந்தியதுபோல் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லலேம்மா, கோர்ட் அப்படித்தான் கேக்கும். உன்னது கல்யாணம்னு நிரூபிச்சாத்தானே அவனோடது ரெண்டாவதாகும்?"

வரும் வழியில் தெப்பக்குளப் படிக்கட்டில் வடிவேலு உட்கார்ந்துவிட்டார். எழுந்து வரச் சொல்லி அவள் கையைப் பிடித்தாள்.

செய்தி தெரிந்து ஜைதூன் பீ வந்தாள். அவளுக்கு எரிச்சலை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை. "எங்க நிக்காவுக்கு ரெண்டு சாட்சி போதும்மா. உனக்கு முந்நூறு பேரு. முந்நூறு பேருக்கும் கண்ணு அவிஞ்சு பூட்ச்சா?"

இரண்டு நாள் கழித்து பங்கஜம் காலையில் எழுந்தபோது சமையலறை ஜன்னலில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தாள். மஞ்சள் கயிறு, நடுவில் மஞ்சள் கிழங்குத் துண்டு முடிந்தது. சன்னிதித் தெருவில் வாங்கியிருக்க வேண்டும். வடிவேலு காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

"இன்னிக்கு அவன் வருவான்ல. கட்டச் சொல்லும்மா. கட்டிட்டா பேச்சில்ல."

"நீயாப்பா சொல்ற?"

அவர் டிக்கெட் தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

இசக்கிமுத்து பிற்பகல் வந்தான். கையில் வழக்கம்போல ஒரு ரவிக்கைத் துணி. பங்கஜம் அதை வாங்கவில்லை. கயிற்றை நீட்டினாள். அப்படி நீட்டுவோம் என்று அவள் வாழ்நாளில் நினைத்ததில்லை.

"கட்டுங்க. யாரும் வேணாம். ஜைதூன் பீயைக் கூப்பிடுறேன், அது பாத்தாப் போதும்."

அவன் கயிற்றைக் கையில் வாங்கினான். ஒரு கணம், கட்டிவிடுவான் என்றே அவளுக்குத் தோன்றியது. தலையைச் சற்றுக் குனிந்துகூடக் கொண்டாள்.

"முதலாளிகிட்ட விசாரிச்சேன்" என்றான். "ஆவணியில நடந்ததுதான் சட்டத்துக்கு மொதக் கல்யாணமாம். இப்ப உனக்குக் கட்டுனா, இதுதான் ரெண்டாவதாம். செல்லாதாம். போலீஸ்ல சொன்னா எனக்கு ஜெயிலாம்."

பங்கஜம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"கட்டாட்டி என்ன? எப்பவும்போல நான் வந்து போய்க்கிட்டுதான் இருப்பேன்."

"யாருன்னு வருவீங்க?"

அவன் கயிற்றைத் திரும்ப ஜன்னலில் வைத்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அவள் கழுவிக்கொண்டு வந்து அரிசி களைந்தாள். ரவிக்கைத் துணி பாய்மேல் மடித்தபடியே கிடந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வடிவேலு வந்தார். தோல் பையைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்று, மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்த்தார்.