எட்டு நிமிடம்

வேலை போன நான்காவது மாதம் அது. தேக்கா உணவங்காடியில் மனைவியுடன் உட்கார்ந்து, கைபேசியில் முகம் தெரியாத ஒருவருடன் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தேன். என் ராணி போய்விட்டது. இன்னும் மூன்று நகர்வில் தோற்றுவிடுவேன். என் கடிகாரத்தில் எட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அவருக்கு ஒரே நிமிடம். காயை நகர்த்தாமல் தேநீரைக் குடித்தேன்.

“ஏன் ஆடாம இருக்கீங்க?” என்றாள் மனைவி.

“தோத்தாச்சு. அவன் காத்திருக்கட்டும்.”

“தோத்தாச்சுன்னா ரிசைன் பண்ணிடுங்க லா. அவரும் மனுஷன்தானே.”

இன்னொரு வாய் தேநீர் குடித்தேன். அந்த நான்கு மாதங்களில் நான்தான் வேலைக்கு எழுதிப்போட்ட எல்லோருடைய பதிலுக்கும் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது நிமிடத்தில் எதிராளி ஆட்டத்திரையில் ஆங்கிலத்தில் எழுதினார்: ‘அம்மா வார்டில் இருக்கிறார். டாக்டர் கூப்பிடுகிறார், போகிறேன். நன்றாக ஆடினீர்கள்.’

அப்போதாவது நான் தோல்வியை ஒப்புக்கொண்டிருக்கலாம். அவர் எழுந்து போய்விட்டார் என்று தெரிந்தே ஒரு காயை நகர்த்தினேன். இப்போது ஓடியது அவர் கடிகாரம்; அவருடைய ஒரு நிமிடமும் தீர்ந்தது. வெற்றி எனக்கு என்று திரை காட்டியது.

“யாரு ஜெயிச்சா?”

“நான்தான்.”

அவள் கைபேசியை எடுத்து அவர் எழுதியதைப் படித்தாள். பிறகு சந்தையில் வாங்கியிருந்த மீன் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.