ஒண்ணுமில்ல வேங்கடேசன்

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி. அதன் வாசலில் காவலுக்கு நிற்கும் வேங்கடேசன் காணை என்ற ஊர்க்காரர். எதைப் பற்றிக் கேட்டாலும் "அதுல ஒண்ணுமில்ல" என்பார். ஒரு காலத்தில் கட்சிக்காக ஊர் ஊராகக் கொடிக்கம்பம் நட்டவர். தலைவர் கட்சி மாறிவிட்டார். பிறகு சாமி என்று அலைந்தார், அதுவும் சலித்தது. காதலித்துக் கட்டிய மனைவி அருணாவிடம் மட்டும் ஒண்ணுமில்லை என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்தது தத்துவம், வேலை அதே கம்பெனி ஸ்டோரில். அவருடைய ஒண்ணுமில்லைக்குச் சூனியவாதம் என்று பெயர் என்றேன். பெயர் வைத்தவனுக்கு என்ன சம்பளம் என்று கேட்டார். எதிலும் ஒன்றுமில்லை என்பவர்கள் பெருகினால் சர்வாதிகாரிக்குத்தான் கொண்டாட்டம், அவன் சொல்வதை மறுக்க ஆளிருக்காது என்றேன். டீயை உறிஞ்சிக்கொண்டே, வாசலில் புதிதாக மாட்டியிருந்த முகம் பார்த்துக் கதவு திறக்கும் மெஷினைக் காட்டினார். அவருக்கு அதை ரொம்பப் பிடித்திருந்தது. யாரை உள்ளே விடுவது என்று யோசிக்கிற வேலை மிச்சமாம்.

ஒரு திங்கட்கிழமை, தையல் பிரிவு அம்சா மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து நின்றாள். மகளுக்காக மேல்மலையனூர் கோயிலில் வேண்டிக்கொண்டது. மெஷின் சிவப்பு காட்டியது. அப்படி ஒரு ஆளே இல்லையாம். அவளுக்கோ லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்று உள்ளே போகாவிட்டால் வேலை போய்விடும். வேங்கடேசன் மேனேஜருக்குப் போன் போட்டார். மெஷின் ஏற்காத ஆளை விட்டால் உன் வேலையும் காலி என்று அவர் கத்தியது வரிசையில் நின்ற எங்களுக்கே கேட்டது.

"அது கெடக்குது. தெனம் பாத்துக்கினுதான இருக்கற, நீ சொல்லுண்ணா, நான் யாரு?" என்றாள் அம்சா.

வேங்கடேசன் போனைச் சட்டைப் பையில் போட்டார். வழக்கமான பதில் அங்கே உதவவில்லை.

"அம்சா. வேற யாரு. உள்ள போம்மா" என்று பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

மேனேஜர் வாசலுக்கு ஓடி வருவதற்குள் உள்ளே வேலை தொடங்கிவிட்டது. அம்சாவை இடத்தை விட்டு எழுப்பினால், அவள் தைத்துத் தருவதை வாங்கி வேலை செய்பவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். யாரைக் கேட்டு விட்டாய் என்று வேங்கடேசனிடம் எகிறினார்.

"நானே பாத்தேன் சார். மொட்ட அடிச்சா ஆளே இல்லன்னா, அமாவாசைக்கு மலையனூர்ல பாதி ஜனம் இல்லாம பூடுமே."

ஸ்டோர் ஜன்னலில் நின்றிருந்த எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேனேஜர் மீசையைத் தடவி உதட்டை மறைத்துக்கொண்டார். மத்தியானமே அம்சாவை மொட்டையோடு படமெடுத்து மெஷினில் ஏற்றினார்கள்.

சாயங்காலம் வெளியே வந்தவளுக்குப் புதுக் கவலை. முடி வளர்ந்தால் மறுபடியும் சிவப்பு காட்டுமே என்றாள்.

"காட்டட்டுமே. நான் இங்கதான நிக்கப் போறேன்" என்றார் வேங்கடேசன்.