பூவிழி காட்டிய நிலா வரப்பு

பாபநாசத்தைச் சுற்றியுள்ள வயல்களில் பாதியைச் சமப்படுத்தியவள் பூவிழி. மீதிப் பாதி, அவள் வருகிறாள் என்று கேள்விப்பட்டுத் தானாகவே சமமாகிக்கொண்டது. நம்பாதவர்கள் ஒரு கோலிக்குண்டோடு வரலாம். உருட்டிவிட்டால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அது திகைத்து நிற்பதைக் காணலாம்.

பூவிழிக்கு நாற்பது தாண்டிவிட்டது. இயற்பியலில் பட்டம் வாங்கியவள். அம்மா ராமாயி குனிந்து நாற்று நட்ட அதே வயல்களில் மகள் டிராக்டர் மேல் உட்கார்ந்து லேசர் லெவலர் ஓட்டுகிறாள். வயல் மூலையில் முக்காலி மேல் ஒரு பெட்டி சுழன்று சுழன்று கதிரை வீசும். டிராக்டருக்குப் பின்னால் இருக்கும் வாளி அந்தக் கதிரைப் பிடித்துக்கொண்டு, மேட்டைச் சுரண்டிப் பள்ளத்தில் கொட்டும். வயல் மட்டமாக இருந்தால் கொஞ்சம் தண்ணீரே எல்லாப் பயிருக்கும் எட்டும். மேட்டூர் திறப்பதும் திறக்காததும் நம் கையில் இல்லாத ஊரில் இது பெரிய விஷயம்.

ஆனால் இயந்திரத்தை இறக்குவதற்கு முன்னால் பூவிழி ஒன்று செய்வாள். சூரியன் கிளம்பும் நேரத்தில் வரப்பில் நின்று வயலைப் பார்ப்பாள். வெயில் சாய்ந்து விழும்போது விரல் உயர மேடுகூட முழ நீளத்துக்கு நிழல் போடும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அப்போதே தெரிந்துவிடும். அவள் தொழிலின் பாதி இந்தக் கண்தான்.

இந்தக் கண்ணுக்குத்தான் ஆபத்து வந்தது.

பாபநாசத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஷேக் பரீத், தன் நிலத்தைச் சமப்படுத்திக் கொடுத்ததற்கு நன்றியாக, கடையில் காட்சிக்கு நின்ற தொலைநோக்கியை அவளுக்குக் கொடுத்தார். பௌர்ணமியன்று ஆசையாக நிலாவைப் பார்த்தாள். மறுநாளே கடைக்குப் போய்ச் சலித்துக்கொண்டாள்.

"என்னண்ணே, உச்சி வெயில்ல பார்த்த வயல் மாதிரி சப்புன்னு இருக்கு."

"அப்ப காலையில பாரு தங்கச்சி."

"காலையில நிலா ஏதுண்ணே?"

"நமக்கு இல்ல. நிலாவுக்கு எங்க விடியுதோ அங்க பாருன்னேன்."

பூவிழிக்கு அது போதும். பாதி நிலா நாளில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோடுதான் நிலாவின் விடியற்காலை. வெயில் அங்கே சாய்ந்து விழும். மாசி மாதத்து வளர்பிறை அஷ்டமி. பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் கண்ணை வைத்தவள், அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, இருட்டுக்குள்ளே, வெள்ளை வெளேரென்று ஒரு பெருக்கல் குறியைக் கண்டாள். யாரோ சாக்பீஸால் போட்ட மாதிரி.

அவள் கத்திய கத்தலில் குடமுருட்டி ஆற்றங்கரையில் இருந்த கொக்கெல்லாம் கும்பகோணத்துக்குப் பறந்துவிட்டன. ஆனால் ராமாயி மூட்டுவலியோடு மாடிப்படி ஏறி வந்து சேர்ந்தபோது மேகம் மூடிவிட்டது.

"நிலாவுல என்னடி பெருக்கல் கணக்கு? யாரு போட்டது?" என்றாள் ராமாயி.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் தேவலை. மறுநாள் டீக்கடையில் பூவிழி வாய்விட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவர் தியாகராசன். ஊரில் அதிக நிலம் உள்ளவர். அவர் வயலில் எந்த வண்டி இறங்குகிறதோ அந்த வண்டிதான் ஊர் முழுக்க இறங்கும். தன் வயலில் மேடு இருக்கிறது என்று பூவிழி சொன்னதிலிருந்து அவருக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல்.

"ஏம்மா, என் வயல்ல மேட்டைப் பார்த்தே. இப்ப நிலாவுல எழுத்தைப் பார்க்கிறே. அடுத்து என்ன, சூரியன்கிட்ட போய்ப் பேரம் பேசுவியா?"

"அடுத்த வளர்பிறை அஷ்டமிக்கு வாங்க. உங்க கண்ணாலயே பாருங்க" என்றாள் பூவிழி.

இங்கேதான் தப்பு நடந்தது. நம் வீடுகளில் எல்லாமே திதிக் கணக்கு. அஷ்டமியில் பார்த்தது அஷ்டமி தோறும் வரும் என்று அவள் நினைத்துவிட்டாள். படித்தவள்தான், ஆனால் சுவரில் தொங்கும் காலண்டர் படிப்பை விடப் பெரியது.

பங்குனி அஷ்டமிக்கு ஊரே மாடியில் ஏறியது. அஷ்டமியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று முகம் சுளித்தவர்கள்கூட, சும்மா பார்ப்பது ஆரம்பிப்பதில் சேராது என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவராகக் கண்ணை வைத்தார்கள். குழி தெரிந்தது, குன்று தெரிந்தது. பெருக்கல் குறி மட்டும் இல்லை. அந்த இடம் முழுக்க வெளிச்சம் பரவிக் கிடந்தது.

தியாகராசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இல்லாததைப் பார்க்கிற கண்ணை நம்பி எவன்யா வயலை விடுவான்?"

அவ்வளவுதான். கோடை உழவு நேரம். வயலைச் சமப்படுத்தச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, "அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். டிராக்டர் கொட்டகையில் நின்றது. ஆனி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் யாரும் வயலைக் காயப்போட்டுச் சமப்படுத்த மாட்டார்கள். அந்த வருஷத்துப் பிழைப்பே போய்விடும்.

இரண்டு நாள் பூவிழி காலண்டரையே புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"அம்மா, அரை நாளும்மா! அந்த அரை நாள்தான் கவுத்துடுச்சு!"

"எந்த நாயிடி கவுத்துச்சு, ரசத்தையா?" என்றாள், 'நாள்' என்றதை 'நாய்' என்று காதில் வாங்கிய ராமாயி.

பௌர்ணமியிலிருந்து பௌர்ணமிக்கு முழுசாக இத்தனை நாள் என்று கிடையாது. இருபத்தொன்பது நாளும் கூட அரை நாளும். மாசியில் சாயங்காலம் அந்த இடத்தில் விடிந்தது என்றால் பங்குனியில் நமக்குக் காலை நேரத்தில் அங்கே விடிந்திருக்கும். அப்போது நிலா நம் பக்கமே இல்லை. சாயங்காலம் நிலா உச்சிக்கு வருவதற்குள் வெயில் ஏறிக் குறி கலைந்துவிட்டது. அந்தக் குறியின் ஆயுளே நாலு மணி நேரம்தான்.

"அறுப்பு முடிஞ்ச வயல்ல போய்க் கதிரைத் தேடியிருக்கோம்மா."

"அப்ப சித்திரையில?"

"இன்னொரு அரை நாள் சேரும். திரும்பச் சாயங்காலத்துக்கே வந்துடும். ஒரு மாசம் விட்டு ஒரு மாசம்தான் நமக்கு முறை."

ராமாயிக்கு இது சட்டென்று விளங்கியது. முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் விடும் ஊரில், நம் முறை இல்லாத நாளில் மதகடியில் போய் நின்றால் சேறுதான் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் பூவிழிக்கு ஒரு பயம் இருந்தது. நிலா தலையை லேசாக ஆட்டிக்கொண்டே சுற்றுகிறது. அந்த ஆட்டத்தில் விடியல் சில மணி முன்னே பின்னே போகும். இந்த முறையும் தவறினால் அவள் கண்ணை இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

சித்திரை அஷ்டமிக்கு அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது தியாகராசன். அவளை ஒரேயடியாக உட்கார வைத்துவிடலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டி, "நிலாவில் பெருக்கல் கணக்கு, அனைவரும் வருக" என்று பாபநாசம் ரோடு வரைக்கும் போய்க் கத்திவிட்டு வந்தார். வந்த கூட்டத்தைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். மாடி தாங்காது என்று தொலைநோக்கியைக் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். தஞ்சாவூர் போகிற பஸ் ஒன்று நின்றுவிட்டது. கண்டக்டர் விசிலோடு வரிசையில் நின்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே பூவிழி பார்க்க ஆரம்பித்தாள். ஒன்றுமில்லை. பொழுது இறங்கியது. இருட்டுக்குள்ளே ஒரே ஒரு புள்ளி. தியாகராசன் எட்டிப் பார்த்தார்.

"புள்ளி வச்சிருக்கா. கோலத்தை நாம போட்டுக்கணும் போல!"

களமே சிரித்தது. சிலர் கிளம்பினார்கள். ஷேக் பரீத் மட்டும், "இருங்கப்பா, பஸ்ஸே நிக்குது, நீங்க எங்க ஓடுறீங்க?" என்று கையை விரித்து மறித்தார்.

பூவிழி நிமிரவே இல்லை. புள்ளி ரெண்டானது. மூன்றானது. பக்கத்தில் நின்ற ராமாயியின் கையைப் பிடித்திருந்தாள். திடீரென்று அந்தக் கையை அவள் நெரித்த நெரிப்பில் கிழவி "ஐயோ" என்றாள்.

"அம்மா, நீ பாரு."

ராமாயி கண்ணை வைத்தாள். மறு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அடியே, இது கணக்கு இல்லடி. வரப்பு! வரப்பெல்லாம் கூடுற முக்கு!"

அதேதான். மூன்று பெரிய குழிகளின் கரைகள் ஒன்றுகூடும் இடம் அது. விடியும்போது உயர்ந்த கரையின் முதுகில்தான் முதல் வெயில் படும். பள்ளமெல்லாம் இருட்டில் கிடக்கும். தண்ணீர் பாய்ந்தால் பள்ளம் முதலில் நிறையும், வெளிச்சம் பாய்ந்தால் மேடு முதலில் நிறையும்.

கண்டக்டர் பார்த்தார். விசில் ஊதினார். அப்புறம் வரிசை என்று எதுவும் இல்லை, ஒரே தள்ளுமுள்ளு. ஒவ்வொரு "ஆ"வுக்கும் தியாகராசன் ஓரடி பின்வாங்கினார். கடைசியில் அவரையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பார்த்தார். துடைத்துப் பார்த்தார்.

"கண்ணாடியில கீறல்" என்றார்.

"நம்ம கடைக் கண்ணாடியிலயா?" என்று ஷேக் பரீத் துள்ளினார்.

பூவிழி அவரை அமர்த்தினாள். "கண்ணை வைக்கிற குழாயை நீங்களே திருகுங்கய்யா. கீறலா இருந்தா அதுவும் கூடச் சுத்தும்."

தியாகராசன் திருகினார். இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். பெருக்கல் குறி அசையாமல் உட்கார்ந்திருந்தது. களம் முழுவதும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நிமிர வெகுநேரமாயிற்று. வெட்கத்தால் என்று சிலர் சொன்னார்கள். எனக்கென்னவோ, பார்க்கப் பார்க்க அவருக்கே பிடித்துப்போய்விட்டது என்றுதான் படுகிறது.

"எவ்வளவு நேரம் இருக்கும் இது?"

"சாமி புறப்பாடு முடியிற நேரத்துக்குள்ள கலைஞ்சிடும்."

"என் வயல்ல இருக்கிற மேடு?"

"அது நானா கலைச்சாத்தான் உண்டு."

தியாகராசன் சிரித்துவிட்டார். "சரிம்மா. காலையில எத்தனை மணிக்கு வரப்புல நிக்கணும்?"

"சூரியன் கிளம்பறப்ப வாங்க. வெயில் ஏறிட்டா உங்க வயலும் பௌர்ணமி நிலாதான்."

மறுநாள் விடியலில் அவர் வயலில் நீள நீளமாக விழுந்த நிழல்களை ஊரே வரப்பில் நின்று பார்த்தது. தன் வயலில் இத்தனை மேடா என்று தியாகராசன் எண்ணிக்கொண்டே போய், பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டார். பூவிழி முக்காலியை ஊன்றினாள், பெட்டியைச் சுழலவிட்டாள், டிராக்டரில் ஏறினாள். அவளை முதலில் தன் வயலுக்கு அழைக்க வரப்பில் நடந்த தகராறு, முந்தின நாள் தள்ளுமுள்ளைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ராமாயி தாலாட்டுப் பாடுவது போன்ற குரலில், "முறை வச்சுத்தான், முறை வச்சுத்தான்" என்று ஒவ்வொருவரையும் அடக்கிக்கொண்டிருந்தாள்.