சந்துப் பக்கத்து ஜன்னல்

ஏசி மெக்கானிக் ஜில்லுவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. யார் வீட்டில் புழுங்கினாலும் அவனுக்குத்தான் போன் போகும். ஏணியும் கையுமாக வந்து இறங்குவான். அரை நாளில் படுக்கையறையைக் குளிரவைத்துவிட்டுப் போவான். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அவன் தொழில். வெளியே என்றால் எங்கே என்று அவன் ஒருநாளும் மண்டையைக் குழப்பிக்கொண்டதில்லை.

கையில் வேலை சுத்தம். மற்றதில் எல்லாம் மெத்தனம். பழைய ஏசியைக் கழற்றும்போது அதிலிருக்கும் கேஸை சிலிண்டரில் பிடித்து வைக்க வேண்டும். இவனோ வால்வைத் திருகி 'புஸ்' என்று வானத்துக்கு அனுப்பிவிடுவான். சூட்டை வெளியே கக்கும் அவுட்டோர் பெட்டிக்கு இடைஞ்சலாக நின்ற மரத்தை ஆள் வைத்துச் சாய்த்தான். பேக்கிங் அட்டையையும் தெர்மோகோலையும் சந்து முனையில் குவித்துக் கொளுத்தினான். ஒருநாள் டிவியில், பூமி சூடாவதற்கு மனிதன்தான் காரணம், கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிறான், மரத்தை வெட்டுகிறான், கண்ட வாயுவையும் காற்றில் விடுகிறான் என்று விலாவாரியாகச் சொன்னார்கள்.

"இப்படியும் சில ஜென்மங்க இருக்கு பாரு," என்று மனைவியிடம் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

அவுட்டோர் பெட்டியைத் தெருப் பக்கம் வைத்தால் இரைச்சல் என்று எதிர்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் எல்லாவற்றையும் பின்பக்கச் சந்தில்தான் மாட்டுவான். அந்தச் சந்தைப் பார்த்து இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அந்த வீட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டான், ஏனென்றால் அது ஜில்லுவின் வீடு. பகலில் அவன் அங்கே இருப்பதும் இல்லை. இருப்பவள் மனைவி. அந்த ஜன்னலோரம் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள்.

"என்னங்க, மத்தியானத்துல உட்கார முடியல. வேர்வை பட்டு வெள்ளைத் துணியெல்லாம் கறையாகுது. இப்படியே போனா மிஷினைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"கொஞ்சம் புழுங்கும். பழகிடும்," என்பான். சொல்லிவிட்டு அதே சந்தில் இன்னொன்றை மாட்டப் போய்விடுவான்.

அப்படி மாட்டும்போதுதான் ஏணி சறுக்கியது. காலில் மாவுக்கட்டு. இருப்பதோ ஒரே அறை; கட்டிலை ஜன்னலோரம்தான் போட முடிந்தது. முதல் நாள் மத்தியானம் சந்தில் ஒவ்வொன்றாக முழிக்க ஆரம்பித்தன. டாக்டர் வீட்டுப் பெட்டி இருமியது, வக்கீல் வீட்டுப் பெட்டி உறுமியது. எல்லாம் அவன் கைப்பட மாட்டியவை, சத்தத்தை வைத்தே அடையாளம் தெரிந்தது. பிறகு அனல் வந்தது. அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. சற்று நேரத்தில் டாக்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"சார், ஏசியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா? இந்தப் பக்கம் ஒரே அனலா இருக்கு."

"நீதானப்பா அங்க மாட்டின? அந்தப் பக்கம் ஆளே இல்லைன்னு சொன்னியே."

தையல் மிஷின் நின்றது. ஜில்லு போனை வைத்தான். மனைவியின் பக்கம் திரும்ப அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"கால் சரியாகட்டும். நமக்கும் ஒரு ஏசி மாட்டிடலாம்," என்றான் சமாதானமாக.

"அதோட அவுட்டோரை எங்க வைப்பீங்க?"

"அந்தப் பக்கச் சுவர்ல. அங்கதான் ஆளே..."

"அந்தச் சுவருக்குப் பின்னாடி வாட்ச்மேன் ரூம். ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு மனுஷன் பகல்லதான் தூங்குறார்," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மிஷின் ஏறியது, துணி மூட்டை ஏறியது. தண்ணீர்ச் செம்பையும் விசிறியையும் அவன் கைக்கெட்டும்படி வைத்தாள்.

"அக்கா வீட்டுல தைக்கப் போறேன். மத்தியானம் வந்து சோறு போடுறேன்."

"ஏய், நாள் முழுக்க இந்த அனல்ல நான் எப்படி இருப்பேன்?"

வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"கொஞ்சம் புழுங்கும். பழகிடும்."