நான்காவது கட்டத்தில் ஒரு மணி

அந்த நிறுவனத்தில் விற்பனை ஆட்களுக்குப் பெயர் நிலைக்காது. எதை விற்கிறார்களோ அதுதான் பெயர். "சோப்பு இன்னைக்கு வரல, மெத்தைக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு" என்று வரவேற்பறைப் பெண் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. அப்படித்தான் அவரும் மணிக்காரர் ஆனார். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைப் பார்த்தால் யாரோ தூரத்து உறவினர் ஒருவருக்குச் சேர வேண்டிய சீட்டு தவறிப்போய்த் தன் கைக்கு வந்துவிட்டது போல அவருக்கு இருக்கும்.

அவர் விற்றது அவசர மணி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு, நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். தனியாக இருப்பவர் வழுக்கி விழுந்தாலோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டாலோ அதை அழுத்தினால் போதும். ஊரின் மறுகோடியில் இருக்கும் தொலைபேசி அறையில் ஒரு பெண் எடுப்பாள். அவள் குரல் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்தே வரும். பக்கத்து வீட்டை எழுப்புவதோ ஆம்புலன்ஸை அனுப்புவதோ அவள் பொறுப்பு.

ஒருநாள் எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த பயிற்சியாளர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்ட இளைஞர், பலகையில் பெரிதாக நான்கு கட்டங்கள் போட்டார்.

"முதல்ல ஒரு கேள்வி. பொருள்னா என்ன?"

"விக்கிறது" என்றார் மெத்தை. தொந்தியின் மேல் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, பின்வரிசையில் பாதி படுத்திருந்தார்.

"அது மட்டும் இல்ல சார். ஒருத்தரோட தேவையத் தீர்க்கிற எதுவுமே பொருள்தான். சோப்பு பொருள். முடி வெட்டி விடுறது பொருள். சுத்திப் பாக்கப் போற ஊரு, நல்ல யோசனை, ஏன், ஒரு ஆள்கூடப் பொருளா இருக்கலாம்."

"அப்ப என் மச்சான் கணக்குல வர மாட்டான். அவனால இதுவரைக்கும் யாரோட தேவையும் தீர்ந்ததில்ல."

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு இளைஞர் கட்டங்களை நிரப்பினார். முதல் கட்டத்தில், யோசிக்காமல் எடுத்துப் போடுபவை: சோப்பு, ரொட்டி, தீப்பெட்டி. கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் விற்கும். இரண்டாவதில், நாலு கடை ஏறி இறங்கி, விலையும் தரமும் பார்த்து வாங்குபவை. "மெத்தை சார், நீங்க இங்க." மூன்றாவதில், இதுதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று ஊர் தாண்டிப் போயாவது வாங்குபவை. குறிப்பிட்ட ஒருவர் கையால் செய்த வயலினை அதற்கு உதாரணம் சொன்னார். நான்காவது கட்டத்துக்கு வந்தபோது அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "இது யாரும் தேடாத பொருள். தேவைப்படுற நிமிஷம் வரைக்கும் அப்படி ஒண்ணு இருக்கிறதையே நினைக்க மாட்டோம். நினைக்கவும் பிடிக்காது. ஆயுள் காப்பீடு, தீயணைக்கிற உருளை, கல்லறைக்கு முன்கூட்டியே இடம் பிடிக்கிறது..."

"மணியையும் அங்கேயே போடுங்க. கல்லறைக்குப் பக்கத்துல" என்றார் மெத்தை.

மணிக்காரரும் சிரித்தார். ஆனால் தன் வீட்டு விலாசத்தை யாரோ பலகையில் எழுதிப் போட்டது போல முகம் சூடானது.

"குடை எங்க சார் வரும்?" என்று சோப்பு கேட்டான்.

"வெயில் நாள்ல ரெண்டாவது. நிறம் பாப்போம், கைப்பிடி பாப்போம். நடுரோட்டுல மழை பிடிச்சுக்கிச்சுன்னா முதல் கட்டம். கிடைச்சதப் பிடுங்கிட்டு ஓடுவோம். அதாவது, கட்டம் பொருள்ல இல்ல, வாங்குறவங்க மனசுல இருக்கு. அதனால அதை மாத்த முடியும்." இளைஞர் மணிக்காரர் பக்கம் திரும்பினார். "சார், உங்க மணிய நாலுல இருந்து ஒண்ணுக்குக் கொண்டு வரப் போறோம். அட்டையில போட்டு, கடையில பணம் கட்டுற இடத்துல தொங்க விடப் போறோம். வீடு வீடா ஏறி இறங்குற கஷ்டம் இனிமே உங்களுக்கு இருக்காது."

அந்தக் கஷ்டத்தை விட்டால் தனக்கு வேறு என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

வீடு வீடாகப் போவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சாவைப் பற்றிப் பேச மாட்டார். விழுவதைப் பற்றியும் பேச மாட்டார். "கொஞ்சம் வெளிச்சமா இருக்கிற இடத்துல உக்காரலாமா?" என்று கேட்பார். மணியை மேசை மேல் வைத்து, "நீங்களே ஒரு தடவ அழுத்திப் பாருங்க" என்பார். பயந்துகொண்டே அழுத்துவார்கள். உடனே அந்தக் குரல் வரும்.

"சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். என்ன ஆச்சு?"

மணிக்காரர் குனிந்து, "சோதனை மேடம்" என்பார்.

"சரி சார். இன்னைக்கு எத்தனை மாடி? இப்படி மூச்சு வாங்குது?"

"லிப்ட் ரிப்பேர் மேடம்."

"லிப்டா, நீங்களா?"

அதற்குள் வீட்டுக்காரர் சிரித்திருப்பார். பொத்தானைப் பார்த்து யாரும் வாங்கியதில்லை. மறுமுனையில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு வேடிக்கையாகப் பேசவும் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் வாங்கினார்கள். அவளை அவர் பார்த்ததே இல்லை. அவளுக்குச் சளி பிடித்தால் இவருக்குத் தெரியும். இவர் மதியம் சாப்பிடாமல் அலைந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அவர் இருந்தார். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். சாயங்காலம் வந்ததும் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமைப்பார். வெளியூரில் இருக்கும் தங்கை அவ்வப்போது போன் செய்வாள்.

"அண்ணே, சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்ட?"

"எப்பவும் போலதான்."

"இங்க வந்துடேன். மாடி ரூம் சும்மாதான் கிடக்கு."

"பாக்கலாம்."

அத்தோடு பேச்சு முடிந்துவிடும். விடுமுறை நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, மறுநாள் முதல் வீட்டில் பேசத் தொடங்கினால் குரல் தகரத்தைத் தேய்த்தது போல வரும். இரண்டு மூன்று வீடு ஏறி, இரண்டு மூன்று முறை "சோதனை மேடம்" சொன்ன பிறகுதான் அது அவருடைய குரலாகும்.

ஒரே ஒரு பெரிய கடையில் முதலில் முயன்று பார்ப்பது என்று முடிவானது. சவர பிளேடுக்கும் மிட்டாய்க்கும் நடுவே ஒரு கொக்கி. அதில் அட்டையில் அடைத்த மணிகள். மணிக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும், தீரத் தீர மாட்ட வேண்டும். பேசக் கூடாது. "நீங்க பேசிட்டா கொக்கி வித்துச்சா, ஆள் வித்தாரான்னு தெரியாமப் போயிடும்" என்றார் பயிற்சியாளர். ஒரு மாதத்தில் விற்றால் வீட்டுக்குப் போகும் விற்பனை நிற்கும். விற்காவிட்டால் பழையபடியே நடக்கும்.

அதாவது, வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், அவருடைய வீடுகளும் அந்தக் குரலும் அவருக்கே.

மணி விற்கவில்லை. ஜனங்கள் எடுப்பார்கள், அட்டையைத் திருப்பிப் படிப்பார்கள், சுட்டுவிட்டது போலத் திரும்ப மாட்டிவிட்டு மிட்டாயை எடுப்பார்கள்.

"என்ன சார் இது, தொட்டுட்டுத் தொட்டுட்டு ஓடுறாங்க? உள்ள தேள் எதுவும் வெச்சிருக்கீங்களா?" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

மணிக்காரர் கொக்கியில் அட்டைகளை நேராக்கினார். அன்று டயர் கடை மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டு ஏறினார்.

தினமும் ஒரு அம்மா வருவார். கிராப்பு வெட்டிய வெள்ளை முடி, ஆண்பிள்ளைச் செருப்பு. எதையும் ஒற்றையாகத்தான் வாங்குவார்: ஒரு தக்காளி, ஒரு முட்டை, இருப்பதிலேயே சின்ன ரொட்டி. பணம் கட்டும்போது மணியைக் கையில் எடுத்துப் பார்ப்பார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிப்பார். திரும்ப மாட்டிவிட்டுப் போவார். மணிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிறகு சில நாள் அந்த அம்மாவைக் காணவில்லை. திரும்பி வந்தபோது புருவத்துக்கு மேலே ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. மற்றக் கை மணியை எடுத்தது.

"என்னம்மா ஆச்சு?" கேட்ட பிறகுதான் தான் வாயைத் திறந்துவிட்டது மணிக்காரருக்கே தெரிந்தது.

"குளிக்கிற இடத்துல வழுக்கிட்டேன் தம்பி. ஒண்ணுமில்ல. தண்ணி மீட்டர் பாக்கிறவன் வந்து கதவைத் தட்டினான், நல்ல வேளை."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கிடந்தேன். வேற என்ன பண்றது?" அவர் மணியைக் கொக்கியில் மாட்டப் போனார். ஒற்றைக் கையால் துளை அகப்படவில்லை.

மணிக்காரர் அதை வாங்கிக்கொண்டார். தன் பையிலிருந்து, வீடுகளில் காட்டும் பழைய மணியை எடுத்து, பணம் கட்டும் மேசை மேல் வைத்தார். "அம்மா, நீங்களே ஒரு தடவ அழுத்திப் பாருங்க."

"சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். என்ன ஆச்சு?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கல்லாப் பெண் கையில் வைத்திருந்த சோப்பை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சோதனை மேடம்."

"சார்! எங்க போயிட்டீங்க இத்தனை நாளா? உடம்புக்கு எதுவும் முடியலையோன்னு நினைச்சேன். இது என்ன, சந்தைக்குள்ள நிக்கிறீங்களா?"

மணிக்காரர் மணியருகே குனிந்தார். "ஆமா மேடம். கடையில" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மா ஒன்று வாங்கினார். பின்னால் நின்றவர், "எங்க அத்தைக்கு ஒண்ணு குடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவளுக்கு மாமனார் நினைவு வந்தது. சாயங்காலத்துக்குள் கொக்கி காலி. மறுநாள் அவர் வருவதற்குள்ளேயே கல்லாப் பெண் சொல்ல ஆரம்பித்திருந்தாள்: "நேத்து நீங்க பாக்கலையே, அழுத்தினா ஒரு அம்மா பேசுறாங்க, அப்படி நல்லாப் பேசுறாங்க!" மாட்ட மாட்டத் தீர்ந்தது.

மாதக் கடைசியில் அலுவலகத்தில் பாராட்டினார்கள். மணிக்காரர் பயிற்சியாளரைத் தனியாகப் பிடித்தார். "தம்பி, கொக்கி விக்கல. நான் பேசிட்டேன். பேசினதாலதான் வித்துச்சு. இந்தக் கணக்க எடுத்துக்காதீங்க. வீட்டு விற்பனையே இருக்கட்டும்."

இளைஞர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். என்ன சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள், யார் முதலில் வாங்கினார்கள் என்று எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். "ரொம்ப நல்லதாப் போச்சு சார். அதையே படம் எடுத்துக் கொக்கிக்கு மேல ஓட விட்டுடலாம்."

எடுத்தார்கள். மணிக்காரரையே கேமரா முன் நிறுத்திப் பேச வைத்தார்கள். ஒரு நடிகை தலையில் வெள்ளைப் பொடியைத் தூவிக்கொண்டு வந்து பொத்தானை அழுத்தினாள். மறுமுனைக் குரலுக்கும் தேன் ஒழுகப் பேசும் வேறொருத்தியைப் பிடித்திருந்தார்கள். மணிக்காரர் வீடுகளில் காட்டி வந்த மணியைத் திரும்ப ஒப்படைத்தார். அவரை மெத்தைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"பெரிய நடிகராயிட்ட, எங்களை எல்லாம் மறந்துடாத" என்றார் மெத்தை. "இங்க வேலை ஒண்ணும் பெருசா இல்ல. வர்றவன் படுப்பான், புரளுவான், 'நாலு இடம் பாத்துட்டு வர்றேன்'னு எந்திரிச்சுப் போவான். நீ விரிப்பச் சரி பண்ணு, போதும்."

சில வாரம் விரிப்பைச் சரி செய்த பிறகு, ஒரு மாலை அவர் பெரிய கடைக்கு எதிரே மருந்துக் கடை மாடியில் ஏறினார். அந்த அம்மா அங்கே இருப்பதாகச் சொல்லியிருந்தார். கதவைத் தட்டிய பிறகுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. "யாரு? கடைத் தம்பியா? எதாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

"இல்லம்மா. சும்மா..." ஒரு கதவு முன்னால் நின்று அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. அது நொண்டியது. "மணி சரியா வேலை செய்யுதான்னு பாத்துட்டுப் போலாம்னு."

உள்ளே ஒரே ஒரு நாற்காலி. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் ஆணியில் மணி தொங்கியது, அட்டையோடு.

"பிரிக்கவே இல்லையாம்மா?"

"வாங்கியாச்சுல்ல தம்பி, அதுவே தெம்பா இருக்கு. பிரிச்சா வீணாப் போயிடுமே."

அவர் அட்டையைக் கிழித்தார். அம்மா அழுத்தினார்.

"சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். என்ன ஆச்சு?"

"சோதனை மேடம்."

"இனிமே சோதனை வராதுன்னாங்களே சார்."

"இது ஒண்ணு மட்டும்."

"கடையில போனதுல பாதிக்கு மேல இதுவரைக்கும் ஒரு தடவகூட அழுத்தல சார். முதல்ல ஒரு தடவ அழுத்தி வெச்சாதானே எங்க பதிவுல விலாசம் ஏறும்? யாரு வாங்கினாங்க, எங்க இருக்காங்க, ஒண்ணும் தெரியல. நீங்க போனப்ப ஒவ்வொரு வீடும்..." பின்னால் இன்னொரு மணி அடிப்பது கேட்டது. "வேற ஒருத்தர் கூப்பிடுறாங்க சார். வெக்கிறேன்."

பொத்தானைச் சுற்றியிருந்த வெளிச்சம் அணைந்தது.

"யாரு, உங்க வீட்டுக்காரியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. ஆபீஸ்."

"அவ்வளவு பிரியமாப் பேசினாளே."

"எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா பேசுவாங்க." சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

"இன்னொரு தடவ அழுத்தட்டுமா?"

"வேணாம்மா. அவசரத்துக்கு வேணும்."

மணியை அம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கினார். எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் அவருடைய முகமே சின்னத் திரையில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. வரிசையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோட்டு போட்ட ஒரு ஆள், ரொட்டியோடு மணியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து தெருவில் நடந்தார். மணிக்காரர் எதையும் யோசிக்காமல் அவர் பின்னால் ஓடினார்.

"சார், சார், ஒரு நிமிஷம். வீட்டுக்குப் போனதும் அதைப் பிரிச்சு ஒரே ஒரு தடவ அழுத்திடுங்க. அவங்களுக்கு உங்க விலாசம் தெரியணும்."

அந்த ஆள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணில் பயம் தெரிந்தது. "எனக்கு எதுவும் வேணாங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து தெருமுனையில் திரும்பினார். திரும்பியது இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதை மணிக்காரரால் அந்த மங்கலில் பார்க்க முடியவில்லை.