கட்டை கட்டாத வண்டி

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சயன்ஸ் வாத்தியார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் தலைக்கனம் மட்டும் இருபது வருட சர்வீஸ் போட்டவனுக்கு இருக்கவேண்டிய அளவு இருந்தது.

சேலத்தில் தாய்வீட்டில் பிரசவமாகி, ஐந்து மாதக் குழந்தையோடு இருந்த என் மனைவியை அழைத்துவரப் போயிருந்தேன். பெட்ரோல் தட்டுப்பாடு. பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இரண்டு நாள் காத்துப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்ப் பக்கம் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும் ஒரு மாட்டு வண்டியில் இடம் பிடித்தேன். வண்டிக்காரர் மலையடிவாரத்துக் குடியானவர், என் வயதுதான் இருக்கும். மூட்டைகளின் மேல் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, பின்பக்கம் பார்த்தாற்போல் என் மனைவியையும் குழந்தையையும் உட்கார வைத்தார்.

மறுநாள் காலை மஞ்சவாடிக் கணவாயின் உச்சிக்கு வந்துவிட்டோம். அதற்கப்புறம் இறக்கம்தான். வண்டிக்காரர் குதித்து இறங்கி, வண்டிக்கடியில் தொங்கிய கனத்த மரக்கட்டை ஒன்றை அவிழ்த்தார். இறக்கத்தில் அதைக் கயிற்றால் பின்னால் கட்டித் தரையில் இழுபட விடுவார்கள், வண்டி அடங்கி இறங்கும். அன்றைக்குப் பார்த்து அந்தக் கயிறு இற்றுப்போயிருந்தது. அவர் உட்கார்ந்து நிதானமாக முறுக்கி முடிச்சுப் போட ஆரம்பித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, குழந்தை சிணுங்கியது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சரிவே தெரியலையேங்க, இதுக்கு எதுக்குக் கட்டை? வண்டி ஆமையாட்டம்தானே போகுது" என்றேன்.

"இப்ப மெல்லத்தாங்க போவும். போவப் போவக் கூடிக்கிட்டே இருக்குமுங்க" என்றார் தலை நிமிராமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. போன வாரம்தான் ஐந்தாம் பாரத்துக்கு, அதாவது இன்றைய பத்தாம் வகுப்புக்கு, வேகவளர்ச்சி நடத்தியிருந்தேன். இன்றைக்கு முடுக்கம் என்கிறார்களே, அதைத்தான் அப்போது அப்படிச் சொல்வோம். "வேகம் பூஜ்யமானால் வேகவளர்ச்சியும் பூஜ்யம்" என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். அதையே அவரிடமும் எடுத்துவிட்டேன். நிற்கிற வண்டிக்கு வேகமே இல்லை, இல்லாதது எங்கிருந்து கூடும் என்று கேட்டேன். அவர் என்னையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாத்தியாரே சொல்றப்ப நா என்னங்க சொல்றது" என்று கட்டையைத் தூக்கி மூட்டைமேல் போட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். வாத்தியார் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

மாடுகளுக்குப் பாரம் குறையட்டும் என்று நான் இறங்கி, வண்டியின் பின்சட்டத்தில் கையை வைத்தபடி நடந்தேன். முதலில் நான் சொன்ன மாதிரியேதான் போனது. மனைவியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தேன். கொஞ்ச தூரம் போனதும் எட்டி நடக்க வேண்டியிருந்தது. பிறகு ஓட்ட நடை. அப்புறம் பார்த்தால் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்! சட்டம் கையிலிருந்து நழுவியது. கையை நீட்டினேன், ஒரு முழம் எட்டவில்லை. அடுத்த மூச்சில் அது இரண்டு ஆள் நீளமாகிவிட்டது. நான் ஓட ஓட இடைவெளி அகலமாகிக்கொண்டே போனது. மாடுகள் வண்டியை இழுக்கவில்லை, வண்டிதான் மாடுகளைத் துரத்தியது. என் மனைவி குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தபடி போய்க்கொண்டிருந்தாள்.

வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம். வண்டிக்காரர் எழுந்து நின்று, மூக்கணாங்கயிற்றை ஒரே பக்கமாக இழுத்து, வண்டியை மலைப்பக்கத்து மண்மேட்டில் மோதவிட்டார். மடார் என்று சத்தம். புழுதி. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அந்த நிசப்தத்தைப் போல என்னை நடுங்க வைத்தது வேறெதுவும் இல்லை. கால் ஓடியது, மனசு அங்கேயே நின்றுவிட்டது. கிட்டே போனபோது சிதறிக் கிடந்த உப்பின் மேல் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ரத்தம். முந்தானைக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டதும் நான் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாட்டுக்கு முன்னங்கால் ஒடிந்திருந்தது. வண்டிக்காரர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கொழந்தைக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்றுதான் முதலில் கேட்டார்.

எங்களுக்குப் பின்னால், கட்டையை இழுத்துக்கொண்டு மெல்ல இறங்கிய வேறு வண்டிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். "ஏம்ப்பா, கட்ட கட்டாமயா எறக்குன? உனக்கு மூள இருக்குதா?" என்று அவர்மேல் பாய்ந்தார்கள்.

"மறந்துட்டனுங்க" என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது. அப்போது, அந்நியர் முன்னால் வாய் திறந்தே அறியாத என் மனைவி சொன்னாள்:

"அவரு மறக்கலைங்க. கட்டத்தான் போனாரு. இவருதான் வேண்டாம்னாரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை வகுப்பில், நான் எழுதிப்போட்ட வாக்கியத்தை அழித்துவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வேகம் என்பது இந்த நிமிஷம் எவ்வளவு என்பது, வேகவளர்ச்சி என்பது அது எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பது, நிற்கிற வண்டியின் வேகமும் சரிவில் விட்ட அந்தக் கணத்திலேயே வளரத் தொடங்கிவிடுகிறது என்று சொன்னேன். அது வண்டிக்காரர் தலை நிமிராமல் சொன்ன பாடம் என்றும் சொன்னேன். அவருக்கு வேறு மாடு வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த "மறந்துட்டனுங்க"வுக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

இன்றைக்கும் யாராவது "மெதுவாத்தானே போகுது" என்று சொல்லிக் கேட்டால், கைக்கு ஒரு முழம் எட்டாமல் என்னையே பார்த்தபடி விலகிப் போன அந்த முகம் நினைவுக்கு வந்துவிடுகிறது.