மூட்டைக்குள் வந்த எல்லைக் கோப்பு

பேய், ஆவி என்று கம்பெனி பஸ்ஸில் யாராவது ஆரம்பித்தால் இயர்போனை மாட்டிக்கொள்கிற ஆள் நான். ஆயுத பூஜைக்கு ரோபோவுக்குச் சந்தனம் வைக்கும்போதுகூட, சென்சாரில் பூசிவிடாதீர்கள் என்று மட்டும்தான் சொல்வேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். நடந்தது ராத்திரிகூட இல்லை, நல்ல பட்டப்பகல், கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிற நேரம்.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. ஒவ்வொரு ரோபோவும் ஒரு வேலிக்குள் நிற்கும், அந்த இடத்தைச் செல் என்போம். ரோபோ புரோகிராம்களை கிட் என்ற மென்பொருளில் வைத்திருக்கிறோம், யார் எதை மாற்றினாலும் பழையது அழியாமல் அதில் இருக்கும். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு ஃபோல்டர். ரோபோவின் கை எதுவரை போகலாம் என்று சொல்கிற எல்லைக் கோப்பு மட்டும் அவற்றுக்கு வெளியே, பொது ஃபோல்டரில் இருக்கும். ரோபோவில் ஏற்றுவதற்கு முன்னால் ஆர்கைவ் என்ற கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டவேண்டும். அதில்தான் வில்லங்கம். எந்த ஃபோல்டருக்குள் நின்று கட்டளை கொடுக்கிறோமோ அதற்குள் இருப்பது மட்டும்தான் மூட்டைக்கு வரும். வெளியே இருப்பதையும் எடுத்து வா என்று, மேல் ஃபோல்டரைக் குறிக்கிற இரண்டு புள்ளியை வைத்துக் கெஞ்சினாலும் முடியாது என்று சொல்லிவிடும். அதனால் எல்லா ஃபோல்டருக்கும் மேலே ஏறி வந்து கட்டுவதுதான் எங்கள் வழக்கம்.

அன்றைக்கு ஆறாம் செல்லுக்குப் புதுப் புரோகிராம். காலையில் மூட்டை கட்டியது என்னோடு வேலை பார்க்கும் டில்லி, வாலாஜாபாத்துக்காரன். சாப்பாட்டுக்குப் பிறகு நான் அதை ஏற்றினேன். ஏற்றும்போது ரோபோவில் இருக்கிற பழையதெல்லாம் துடைத்துப் போய்விடும், இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ரோபோவை ஓட்டுகிற கைக்கருவியோடு வேலிக்குள் போனேன். புதுப் புரோகிராம் என்றால் முதல் தடவை ஒருவர் உள்ளே இருந்து மெதுவாக ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். இரும்பு மேடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வெல்டிங் முனையையே பார்த்தபடி பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன், ரோபோ பாட்டுக்கு நின்றுவிட்டது. கருவியில் எல்லை வந்துவிட்டது என்று சிவப்பு எழுத்து. எரிச்சலோடு திரும்பினால் ரோபோவின் முழங்கை என் பிடரிக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான். நின்றிருக்காவிட்டால் அதற்கும் மேடைக்கும் நடுவில் என் கழுத்து. மெதுவாக நசுக்கியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தவழ்ந்து வெளியே வந்தேன். ஆபீஸ் பக்கமிருந்து டில்லி ஓடி வந்தான்.

“ண்ணா, அத்த ஏத்திடாதீங்க! ஆறாம் நம்பர் ஃபோல்டருக்குள்ளயே நின்னுகினு கட்டிட்டேன். எல்லை ஃபைலு அதுல இல்லண்ணா, கை எங்க வேணா போவும்!”

“ஏத்தியாச்சு. எல்லையிலதான்டா நின்னுச்சு.”

“இன்னாண்ணா சொல்றீங்க? இல்லாத ஃபைலு எப்டிண்ணா நிறுத்தும்?”

மூட்டையைப் பிரித்துப் பார்த்தோம். எல்லைக் கோப்பு உள்ளே இருந்தது. டில்லி அதே ஃபோல்டரில் நின்று அதே கட்டளையை மறுபடி கொடுத்தான், வரவில்லை. நான் கொடுத்தேன், வரவில்லை. நம்பினால் நம்புங்கள், அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டு எத்தனை தடவை கட்டிப் பார்த்தோம் என்று கணக்கே இல்லை, ஒரு தடவைகூட வரவில்லை. போதாததற்கு, மூட்டையில் இருந்த கோப்பும் பொது ஃபோல்டரில் இருக்கிற கோப்பும் ஒன்றில்லை. எங்கள் எல்லை வேலி வரைக்கும் நேராகப் போகும். இது ஓரிடத்தில் மட்டும் உள்ளே குழிந்திருந்தது. பழைய மாற்றங்களையெல்லாம் தோண்டினோம், அந்த எண்களை யாரும் எப்போதும் எழுதியதில்லை. டேப் பிடித்து அளந்தேன். குழிவு நான் மண்டியிட்ட இடத்துக்குச் சரியாக இருந்தது.

“உங்களுக்கு நேரம் நல்லா இருக்குதுண்ணா, வுடுங்க,” என்றான் டில்லி. விட்டிருப்பேன்.

ஆனால் நான் எப்போதும் மேடைக்கு இடப்பக்கம்தான் உட்காருவேன். அன்று சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு குழாய் கசிந்து தரையெல்லாம் எண்ணெய். பேன்ட் அழுக்காகுமே என்று வலப்பக்கம் போனேன். டில்லி மூட்டை கட்டியது காலையில், அப்போது அங்கே சொட்டு எண்ணெய் கிடையாது.

உயிர் பிழைத்ததில் சந்தோஷம்தான், இல்லை என்றால் பொய். இப்போதும் வேலிக்குள் போனால் எந்தப் பக்கம் உட்காரலாம் என்று கொஞ்ச நேரம் யோசிப்பேன். யோசிப்பது நான்தானா என்று பயமாக இருக்கும்.